வலது பக்கம் வெட்டுதுங்க

இணையதளத்தின் அகலக் கணக்கு ஒரு காகித அட்டையில் தொடங்குகிறது. 1928இல் ஐபிஎம் தன் துளை அட்டையை 80 பத்தி கொண்டதாக மாற்றியது. கணக்கு எந்திரங்களுக்குள் அட்டையைத் துளைத்து ஊட்டிய காலம் அது. பிற்பாடு அட்டை ஒழிந்து எழுத்துத் திரைகள் வந்தன. ஆனால் ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற வழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வண்ண அட்டை ஓர் எழுத்துக்கு 8 புள்ளி அகலம் கொடுத்தது. எண்பதை எட்டால் பெருக்கினால் 640. ஆறு வருடம் கழித்து 1987இல் அதே கம்பெனி விஜிஏ என்ற திரைத் தரத்தைக் கொண்டுவந்தபோது திரை 640×480 ஆனது. பதினாறு நிறம், புள்ளிக்கு நான்கு பிட், மொத்தம் 1,53,600 பைட். விஜிஏ அட்டையில் இருந்த நினைவகம் 256 கிலோபைட். அதற்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். மனிதக் கண் எவ்வளவு அகலத்தை வசதியாகப் படிக்கும் என்று அந்தக் கணக்கில் யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் இந்தத் தொழிலில் இத்தனை காலம் பார்த்ததெல்லாம் இந்தக் கதையின் மறுபதிப்புகள்தான். சில வருடத்துக்கு ஒருமுறை ஓர் எண் வரும். 640, 800, 1024, 1366. அது எங்கிருந்தோ வரும்: மெமரி சிப் விலையிலிருந்து, கண்ணாடி வெட்டும் ஆலையிலிருந்து, டி.வி. விற்பனையிலிருந்து. வந்தபின் நாங்கள் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தைப்போம்.

வலையை உண்டாக்கியவருக்கு இப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் உலாவியை எழுதியது நெக்ஸ்ட் கணினியில். அதன் திரை 17 அங்குலம், 1120×832 புள்ளி. நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் இரண்டு சாம்பல். அன்றைக்குச் சாதாரண பிசிக்காரன் கனவில்கூடக் காணாத விசாலம். ஆனால் அவர் வகுத்த மொழியில் பக்கத்துக்கு அகலம் என்று ஒன்றைக் குறிக்கவே இடமில்லை. ஜன்னலைக் குறுக்கினால் வரி மடங்கி அடுத்த வரிக்குப் போகும், விரித்தால் நீளும். எந்த அளவுத் திரையானாலும் தண்ணீர் மாதிரி பரவிக்கொள்ளும். அந்த முதல் பக்கங்களை இன்றைய கைபேசியில் திறந்தாலும் வலது பக்கம் வெட்டாது. கெடுத்தது அப்புறம் வந்த நாங்கள்.

நாங்கள் என்றால், அச்சிலிருந்து வந்தவர்கள். நான் திருப்பூரில் டிடிபி ஆபரேட்டராக இருந்தவன். பேஜ்மேக்கரில் பில் புக், கல்யாணப் பத்திரிகை, பனியன் டப்பாவுக்கு லேபிள் என்று ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் ஒவ்வொன்றாக, ‘ஜெர்மனி பையர் வெப்சைட் இருக்கான்னு கேக்கறான்’ என்று வர ஆரம்பித்தார்கள். லேபிள் போட்டவனே வெப்சைட்டும் போடுவான் என்பது அவர்கள் கணக்கு. அச்சு ஆளுக்குக் காகிதத்தின் அளவு முதலில் தெரியவேண்டும். ஏ4 என்றால் ஏ4. ஆகையால் நான் கேட்ட முதல் கேள்வியே ‘பேஜ் சைஸ் என்ன?’ என்பதுதான். சென்னையிலிருந்து வந்து கற்றுக்கொடுத்த பையன் சற்றும் தயங்காமல், “எழுநூத்தி அறுபது” என்றான்.

அந்த 760 வந்த வழி இது. அப்போது திருப்பூர் பிரவுசிங் சென்டர்களில் இருந்த மானிட்டர்கள் பெரும்பாலும் 14, 15 அங்குலக் குழாய்த் திரைகள். எல்லாம் 800×600இல் ஓடும். ஏன் 800? மறுபடியும் மெமரிதான். பழைய மலிவு டிஸ்ப்ளே கார்டுகளில் 1 மெகாபைட் இருக்கும். 800×600 திரையில் 65 ஆயிரம் நிறம் காட்ட 9,60,000 பைட் வேண்டும், இடித்துப்பிடித்து உட்கார்ந்துவிடும். 1024×768க்குப் போனால் பதினைந்தே முக்கால் லட்சம் பைட் வேண்டும், இடமில்லை. வேண்டுமானால் நிறத்தை 256 ஆகக் குறைத்துக்கொள்ளலாம், புகைப்படமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும். கார்டில் மெமரி கூடிய பிறகும் சென்டர்காரர்கள் 800ஐ மாற்றவில்லை. மலிவு மானிட்டர் 1024இல் நொடிக்கு அறுபது முறைதான் புதுப்பிக்கும், டியூப் லைட்டுக்குக் கீழே அது நடுங்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலைவலி. தலைவலி வந்த வாடிக்கையாளர் அடுத்த மணி நேரத்துக்குக் காசு கொடுக்கமாட்டார்.

அந்த 800இல் ஸ்க்ரோல் பாருக்குப் பதினாறு, ஜன்னல் ஓரங்களுக்குக் கொஞ்சம் என்று கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் விட்டால் 760. பக்கம் ஜன்னலைவிட ஒரு புள்ளி கூடினாலும் கீழே குறுக்கு ஸ்க்ரோல் பார் முளைத்துவிடும். முளைத்தால் முதலாளி போன் செய்வார். ‘வலது பக்கம் வெட்டுதுங்க’ என்ற வாக்கியத்தை நான் கேட்ட தடவைகளுக்கு அளவில்லை.

760ஐப் பிடித்து நிறுத்த எங்களிடம் இருந்த கருவி டேபிள். விவரப் பட்டியல் காட்டுவதற்கென்று வந்த டேபிளைக் கட்டடச் சாரமாக்கிப் பக்கத்தையே அதன் மேல் ஏற்றினோம். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று. கட்டம் சுருங்கிவிடாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரே புள்ளி அளவுள்ள ஜிஃப் படத்தை வைத்து, அதன் அகலத்தை 140 என்றோ 20 என்றோ எழுதிவிடுவோம். அந்த ஒற்றைப் புள்ளி இழுபட்டுத் தூணாக நிற்கும். அமெரிக்காவில் டேவிட் சீகல் என்பவர் 1996இல் எழுதிய புத்தகம் இந்த உத்தியை உலகெங்கும் பரப்பியது. எங்கள் ஊருக்குப் புத்தகம் வரவில்லை, உத்தி வந்துவிட்டது. அடுத்தவன் தளத்தில் வலது கிளிக் செய்து சோர்ஸைப் பார்த்துப் படித்ததுதான் எங்கள் பட்டப்படிப்பு. வேலை முடிந்ததும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘இந்தத் தளத்தை 800×600இல் பார்ப்பது நலம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வாங்க வருகிறவனை ‘உன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வா’ என்று சொன்ன வியாபாரம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நிறத்திலும் இந்தக் கெடுபிடி இருந்தது. 256 நிறத் திரைகளில் விண்டோஸும் மேக்கும் ஒத்துப்போகும் நிறங்கள் 216 என்று ஒரு பட்டியல் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படி. அந்தப் பட்டியலில் பிசிறில்லாத நல்ல மெரூன் ஒன்றுகூடக் கிடையாது. சாயப்பட்டறைக்காரரிடம் அதைக் காட்டினேன். மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார்.

இதெல்லாம் குழாய்த் திரை இருந்த வரை. லேப்டாப் வந்ததும் ஆட்டத்தின் விதியே மாறியது. குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை கோடு இழுக்கிறது. 640 என்றாலும் இழுக்கும், 800 என்றாலும் இழுக்கும், கூர்மை பெரிதாகக் கெடாது. லேப்டாப்பின் எல்சிடி அப்படி இல்லை. புள்ளிகள் கண்ணாடியிலேயே பதிந்து கிடக்கின்றன. 1992இல் வந்த ஐபிஎம் திங்க்பேட் 700சியின் 10.4 அங்குல வண்ணத் திரையில் 640×480 புள்ளி என்றால் அவ்வளவுதான், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 1024 புள்ளி உள்ள கண்ணாடியில் 800இல் வை என்று சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். படம் நடுவில் சுருங்கிச் சுற்றிலும் கறுப்புப் பட்டை தெரியும். இல்லையென்றால் ஒரு புள்ளியை 1.28 புள்ளியாக இழுத்து நிரப்பும். ஒன்றே கால் சொச்சம் புள்ளி என்று கண்ணாடியில் ஒன்று இல்லையே! பக்கத்துப் புள்ளியில் பாதி நிறத்தைப் பூசிச் சமாளிக்கும். எழுத்தெல்லாம் நனைந்த காகிதத்தில் எழுதியது போலப் பரவும். இந்த ஒன்றே காலை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். இருபது வருடம் கழித்து வேறு வேஷத்தில் திரும்பி வரப்போகிறது.

காந்தி நகரில் ஒரு முதலாளி. பையர் பார்க்க ஐரோப்பா போனவர் திரும்பி வரும்போது விலை உயர்ந்த டெல் லேப்டாப் ஒன்று வாங்கி வந்தார். 2002 வாக்கில் சில டெல் லேப்டாப்கள் 15 அங்குலத் திரையில் 1600×1200 புள்ளியோடு வந்தன; இவருடையது அதில் ஒன்று. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏனுங் தம்பி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நம்ம சைட்டு நெறையாத் தெரியுது. என்ற லேப்டாப்புல பாருங்க, தபால் தலையாட்டம் நடுவுல நிக்குது. அப்ப ஜெர்மனிக்காரன் மெஷின்ல எப்படித் தெரியும்? எதுங்க நெசம்?”

“எல்லாமே நெசந்தானுங்க” என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

ஸ்கேல் வைத்து அளந்தே காட்டினேன். ஆபீசில் இருந்த 15 அங்குலக் குழாய் மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று புள்ளி. அதில் 12 பிக்சல் என்று நான் எழுதிய எழுத்து நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அவருடைய லேப்டாப்பில் அங்குலத்துக்கு 133 புள்ளி. அதே எழுத்து இரண்டே கால் மில்லிமீட்டர். 760 புள்ளிப் பக்கம் ஆறங்குலத்துக்கும் குறைவு. சரி, பெரிதாக்கிப் பார்க்கலாமென்றால் அப்போதைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, பிக்சலில் அளவு சொல்லப்பட்ட எழுத்தைப் பெரிதாக்க மறுத்துவிடும். பக்கம் முழுவதையும் பெரிதாக்கும் வசதி 2006இல் ஏழாம் பதிப்பு வந்தபோதுதான் அதில் வந்தது. ஆக நல்ல திரைக்குக் காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது எறும்பு எழுத்து. கடைசியில் அவர் மகன் ரெசொல்யூஷனை 1024க்கு இறக்கிக் கொடுத்துவிட்டான். எழுத்து பெரிதானது, கூடவே மங்கலும் ஆனது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய திரையை மங்கலாக்கி வைத்துப் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே பலர்.

எக்ஸ்போர்ட் தளங்கள் எல்லாம் ஆங்கிலம். தமிழில் செய்தால் கதை இன்னும் கரடுமுரடு. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவுக்கு ஒரு தமிழ்த் தளம் செய்துகொடுத்தேன். 12 பிக்சல் அளவில் எழுத்தின் உடலுக்குக் கிடைக்கும் உயரம் ஏழு, எட்டுப் புள்ளி. ஒரு சுழி தெரிய வேண்டுமானால் குறைந்தது மூன்று புள்ளி வேண்டும்: கோடு, நடுவில் வெற்றிடம், மறுபடி கோடு. ஆங்கில ‘ஓ’வுக்கு அது ஒரு முறை போதும். மூணு சுழி ‘ண’வுக்கு? சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். ரெண்டு சுழி ‘ன’வும் அதே பொட்டுதான். ‘அண்ணன்’ என்று எழுதினால் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை வாசிக்கிறவர் தம் தமிழறிவைக் கொண்டுதான் முடிவு செய்யவேண்டும். ‘ஞ’வைக் கேட்கவே வேண்டாம். மேலே ‘ி’யின் வளைவுக்கும் கீழே ‘ூ’வின் காலுக்கும் தனியாக இடம் விட்டாகவேண்டும். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும்.

ஆங்கிலத்துக்கு இந்தத் திரைகளை மனதில் வைத்தே எழுத்துரு செய்தவர்கள் இருந்தார்கள். மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்து 1996இல் வெளிவந்த வெர்டானா அப்படிப்பட்டது. வழக்கமாக முதலில் வளைகோட்டை வரைந்து பிறகு புள்ளியில் பொருத்துவார்கள். அவர் முதலில் புள்ளிகளை அடுக்கிப் பார்த்து, அதன் மேல் வளைகோட்டைக் கட்டினார். டாம் ரிக்னர் ஒவ்வோர் அளவுக்கும் கையாலேயே புள்ளிகளைத் திருத்தினார். எங்களுக்கு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைக் கொடுத்தது, தமிழ்99 விசைப்பலகையைக் கொடுத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவைக் கொடுத்தது. எழுத்தைச் சேமிப்பது எப்படி, தட்டுவது எப்படி என்பதில்தான் எல்லாருடைய சக்தியும் போனது. சின்னத் திரையில் அது எப்படித் தெரியும் என்ற கவலைக்கு முறை வரவேயில்லை. நான் கோயில் தளத்தில் எழுத்தை 16 பிக்சலுக்கு ஏற்றினேன். ஏற்றியதும் ‘திருவிழாக்கள்’, ‘நன்கொடையாளர்கள்’, ‘தொடர்புக்கு’ என்ற மெனு 760ஐத் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் ஏழு பட்டன் நின்ற வரிசையில் தமிழில் நாலுதான் நிற்கும். மெனுவை இடது பக்கம் செங்குத்தாகத் திருப்பினேன். அன்றைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் மெனு இடது ஓரத்தில் நீளமாக இறங்கியதைப் பார்த்தவர்கள் அது ஏதோ ரசனை என்று நினைத்திருப்பார்கள். இடமில்லாத கொடுமை அது.

1998இல் அறிவிக்கப்பட்டு விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப் என்ற உத்தி லேப்டாப்காரர்களுக்கு உண்மையிலேயே ஒரு வரம். எல்சிடியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று செங்குத்துக் கீற்று. அந்தக் கீற்றுகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால் குறுக்குவாட்டில் மும்மடங்கு நுணுக்கம் கிடைக்கும். ஆங்கிலத்தின் நட்டுக்குத்தான கால்கள் பளிச்சென்று தெளிந்தன. நம் எழுத்தோ பாதி படுக்கைக்கோடு, பாதி வளைவு; மேலும் கீழுமான நுணுக்கம் அதில் கூடவேயில்லை. அது விண்டோஸ் 7 காலத்தில்தான் பரவலாக வந்தது. அதுவரை பாதி வரம்தான்.

அடுத்த எண் 1024. அதில் ஓரங்கள் கழித்து 960. இந்த 960 மட்டும் கொஞ்சம் யோசித்து எடுத்த எண். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். 2008இல் நாதன் ஸ்மித் இதை வைத்து 12 பத்திக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டார். உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் அது பிடிக்கும், பழைய பேஜ்மேக்கர் ஆசாமி இல்லையா. 2007இல் வந்த ஐபோன்கூட, எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் அகலம் 980 இருக்கும் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டியது. எங்கள் பழக்கம் அந்த அளவுக்கு ஊர் அறிந்த ரகசியம்.

ஜான் ஆல்சாப் என்ற ஆஸ்திரேலியர் 2000 ஏப்ரலிலேயே ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். காகிதத்தின் மேல் அச்சுக்காரனுக்கு இருந்த அதிகாரத்தை வலையில் எதிர்பார்க்காதே, பக்கம் இளகட்டும் என்பது சாரம். அச்சிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களின் முகத்துக்கு நேரே சொன்ன பேச்சு. படித்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு 760இலும் 960இலும் தொடர்ந்து ஆணி அடித்தார்கள்.

இனி 1366×768. என் அனுபவத்தில் லேப்டாப்புக்கு நேர்ந்த எண்களிலேயே மோசமானது இதுதான். அதற்கு முன் 15.4 அங்குல லேப்டாப்களில் 1280×800 பரவலாக இருந்தது. 2000களின் கடைசி வருடங்களில் ஆலைகள் 16:9க்கு மாறின. டி.வி.க்கும் லேப்டாப்புக்கும் ஒரே வடிவம் இருந்தால் பெரிய கண்ணாடித் தகட்டில் சேதாரம் குறைவு, ‘ஹெச்டி’ என்று ஸ்டிக்கரும் ஒட்டலாம். பழைய 1024×768இன் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 16:9க்கு அகலம் கணக்குப் போட்டால் 1365.33 வருகிறது. மேலே தள்ளி 1366. எட்டால்கூட வகுபடாத எண். 15.6 அங்குலம் என்று கடையில் பெரிதாகச் சொன்னார்கள். குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால் பெரிதுதான். உயரமோ பழைய 15.4ஐவிட அரை அங்குலம் குறைவு.

வலைப்பக்கம் மேலிருந்து கீழே படிக்கும் பொருள். அதைப் படிக்கும் எந்திரத்தில் உயரத்தை வெட்டி அகலத்தைக் கூட்டினால் எப்படி? 768இல் விண்டோஸ் 7இன் டாஸ்க்பார் 40 எடுத்துக்கொள்ளும். உலாவியின் தாவல்கள், முகவரிப் பட்டை, புக்மார்க் பட்டை எல்லாம் சேர்ந்து நூறை ஒட்டி. மிச்சம் 630 வாக்கில். தமிழ் படிக்க 16 பிக்சல் எழுத்துக்கு 28 பிக்சல் வரி இடைவெளி வைத்தால் இருபத்திரண்டு வரி. அதற்குள், கீழே இறக்கினாலும் நகராத தலைப்பட்டை ஒரு நூறு. அடியில் ஒட்டிக்கொண்டே வரும் விளம்பரம் தொண்ணூறு. கடைசியில் படிக்கக் கிடைப்பது பதினைந்து வரி. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. ஐரோப்பிய பையரையே நினைத்துத் தளம் செய்துகொண்டிருந்த எனக்கு, என் வேலையை அரசுப் பள்ளிப் பெண் ஒருத்தியும் பார்ப்பாள் என்பது அதன் பிறகே உறைத்தது. பழுது பார்க்க என்னிடம் வந்த அந்த லேப்டாப்களின் திரை 1366×768. எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் கல்லூரி விண்ணப்பம் போடும்போது உதவிக்குக் கூப்பிட்டாள். படிவம் நடுவில் ஒரு பெட்டியாக எழுந்து நின்றது. ‘சமர்ப்பி’ பொத்தான் அந்தப் பெட்டியின் அடியில், திரைக்குக் கீழே. பெட்டிக்கு ஸ்க்ரோல் இல்லை, பின்னால் இருந்த பக்கம் மட்டும் நகர்ந்தது. “அண்ணா, இதுல பட்டனே இல்லையே” என்றாள். கன்ட்ரோலையும் மைனஸையும் அழுத்திப் பக்கத்தை எண்பது சதவீதத்துக்குச் சுருக்கியதும் பொத்தான் மேலே வந்தது. செய்தவன் பெரிய மானிட்டரில் உட்கார்ந்து செய்திருக்கிறான். அகலம் வெட்டினால் எல்லார் கண்ணிலும் படும். உயரம் வெட்டினால் எவன் கண்ணிலும் படாது. குறுக்கு ஸ்க்ரோல் பாருக்குப் பயந்த எங்கள் தலைமுறை 768ஐப் பார்த்துப் பயப்படவேயில்லை.

எண்ணையே விட்டொழிக்கும் வழி 2010இல் வந்தது. மே மாதம் ஈதன் மார்காட் அதே ‘எ லிஸ்ட் அபார்ட்’டில் எழுதினார். பத்திகளின் அகலத்தைச் சதவீதத்தில் சொல், படத்தைப் பெட்டிக்குத் தக்கபடி சுருங்கவிடு, திரையின் அகலத்தை மீடியா குவெரியால் கேட்டறிந்து அடுக்கை மாற்று. மூன்றும் சேர்ந்தால் ‘ரெஸ்பான்சிவ்’. ஆல்சாப் சொன்ன தத்துவத்துக்குப் பத்து வருடம் கழித்துத் தச்சு வேலை செய்யக் கருவி கிடைத்தது. திருப்பூரில் நான் அதைச் செய்ய ஆரம்பித்தபோது முதலாளிகளுக்குப் புரியவைக்கும் வழி எளிதாக இருந்தது: அவர்கள் எதிரிலேயே ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டுவேன். மூன்று பத்தி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ‘அட!’ என்பார்கள். செக்கில் கையெழுத்து விழும்.

அடுத்த மாதமே, 2010 ஜூனில், ஐபோன் 4 வந்தது. பழைய அதே திரை அளவில் 320×480க்குப் பதிலாக 640×960 புள்ளி. 2002இல் காந்தி நகர் முதலாளிக்கு நடந்தது போல எல்லாம் பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. காரணம், அகலம் 320தான் என்று அந்தப் போன் தளங்களிடம் சாதித்தது. தளம் கேட்ட ஒரு பிக்சலுக்கு உள்ளே நான்கு புள்ளிகளை வைத்து வரைந்தது. 2012 ஜூனில் ரெட்டினா மேக்புக் ப்ரோவும் இதையே செய்தது. கண்ணாடியில் 2880×1800, தளத்திடம் சொன்னது 1440×900. எழுத்து அச்சடித்தது போல நின்றது. ‘ண’வின் மூன்று சுழியும் வெளிச்சம் விட்டுத் தெரிந்ததை நான் முதலில் ஒரு நண்பரின் அந்த மேக்கில்தான் பார்த்தேன். எங்கள் பழைய படங்கள் மட்டும் புழுதி படிந்த மாதிரி தெரிந்தன. ஒரே படத்தை இரண்டு, மூன்று அளவில் வைத்து எந்தத் திரைக்கு எது என்று உலாவியே எடுத்துக்கொள்ளும் முறை 2014இல் குரோமில் வந்தபின்தான் அது தீர்ந்தது.

பிக்சலை இப்படி இரட்டிப்பது ஏமாற்று வேலை என்று அப்போது பலரும் திட்டினார்கள். ஆனால் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தபோதே அதில் இது எழுதியிருந்தது. ஒரு கை நீளத்தில், அங்குலத்துக்கு 90 புள்ளியுள்ள திரையை வைத்துப் பார்க்கும்போது ஒரு புள்ளி கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்கிறதோ அதுவே பிக்சலுக்கு ஆதாரம் என்றிருந்தார்கள். பிற்பாடு 90ஐ 96 ஆக்கினார்கள். பிக்சலைக் கண்ணாடியோடு கட்டாமல் கண்ணோடு கட்டிய வரி அது. நாங்கள்தான் சோர்ஸைப் பார்த்துத் தொழில் படித்தவர்கள், விதிநூலை யார் பிரித்தது?

இரட்டிப்பு என்றால் பிரச்சினையில்லை. ஒன்றுக்கு இரண்டு, கச்சிதம். இன்றைய விண்டோஸ் லேப்டாப்பில் நடப்பது வேறு. 15.6 அங்குலத்தில் 1920×1080 புள்ளி. அப்படியே காட்டினால் எழுத்து சிறுத்துவிடும் என்று கம்பெனியிலிருந்தே 125 சதவீதத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். 1920ஐ ஒன்றேகாலால் வகுத்தால் 1536, உயரம் 864. என் வாடிக்கையாளர்களின் தளங்களுக்கு வரும் லேப்டாப்களில் இந்த 1536×864ஐ நான் அடிக்கடி பார்க்கிறேன். கண்ணாடிக் கடையில் போய்க் கேட்டால் இப்படி ஒரு பேனல் கிடைக்காது. விலை உயர்ந்த 3840×2160 லேப்டாப்பை 250 சதவீதத்தில் வைத்தாலும் இதே 1536×864தான் வரும். இரண்டும் தளத்துக்கு ஒன்றே. 150இல் வைத்தால் 1280×720 ஆகிவிடும். 768க்கே பொத்தான் கீழே போன கதையைச் சொன்னேனே, முழு ஹெச்டி திரைக்குக் காசு கொடுத்தவருக்கு இப்போது உயரம் 720. சமீப வருடங்களில் 16:10 திரைகள் மறுபடி தலைகாட்டுகின்றன. 1920×1200. வந்தவரைக்கும் நல்லது.

அந்த ஒன்றேகால் கோட்டில்தான் நன்றாக மாட்டும். எக்ஸ்போர்ட் தளங்களில் அளவுப் பட்டியல் ஒன்று இருக்கும்: மார்பு, நீளம், தோள், கை. வரிகளுக்கு இடையே ஒரு பிக்சல் இடைவெளி விட்டுப் பின்னணிச் சாம்பலை எட்டிப்பார்க்க வைத்தால் மெல்லிய கோடு போலத் தெரியும். இன்றைக்கு எல்லாரும் செய்கிற வழி. 32 பிக்சல் வரி, 1 பிக்சல் கோடு, ஆக 33. கண்ணாடியில் அது 41.25 புள்ளி. முதல் கோடு 40இல் தொடங்கி 41.25இல் முடிய வேண்டும். உலாவி முழு எண்ணுக்குத் திருத்தி ஒரு புள்ளியில் வரையும். இரண்டாவது 81.25க்கும் 82.5க்கும் நடுவில், திருத்தினால் 81லிருந்து 83, இரண்டு புள்ளி. மூன்றாவது ஒன்று, நான்காவது ஒன்று. பிறகு இதே வரிசை திரும்பும். நாலு கோட்டுக்கு ஒன்று தடித்து நிற்கும். போன வருடம் ஒரு கம்பெனியின் மெர்ச்சண்டைசர் பெண் அதைப் பார்த்துவிட்டு, “சார், இந்த சைஸை மட்டும் ஹைலைட் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டார். என் மானிட்டர் 100 சதவீதத்தில் இருந்தது. எல்லாக் கோடும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

அளவுப் பட்டியலுக்கு நான் இப்போது கோடே போடுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு வெளிர்சாம்பல் பின்னணி. வரியின் உயரம் 36 பிக்சல். ஒன்றேகாலால் பெருக்கினால் மீதியில்லாமல் 45.